மரக்கலப் படிமம் அமைக்கும் கலை

பெரியதொன்றைச் சிற்றுருவமாகச் செய்து கண்டு மகிழ்தல் மக்கட்கு இயல்பாய் அமைந்த விருப்பமாகும். சிறுமியர் மணலிற் சிற்றில் இழைப்பதும், சிறுவர் தச்சன் செய்து தந்த சிறுதேரை உருட்டுவதும் இவ்விருப்பத்தின் தொடக்கமே. அவ்விருப்பம் அறிவோடும் அளவோடும் கூடுமிடத்து ஒரு கலையாகின்றது. பாய்மரக் கப்பலின் உருவத்தை, அதன் பலகை முதற் கயிறு ஈறாக ஒன்றும் விடாது, மரத்தாற் சிறிய அளவில் அமைத்தல் அத்தகைய கலைகளுள் ஒன்று. அதன் முறைகளையும், வானூர் வட்டத்துக் கடற்கரையிலும் அதற்கு வடக்கே உப்பளங்கள் பரந்து கிடக்கும் மரக்காணத்திலும் வாழும் நமக்கு அதனால் விளையக்கூடிய பயனையும் இக்கட்டுரையிற் சுருக்கமாக விளக்கப் புகுகின்றோம்.

படிமங்களின் வரலாறு

இக்கலை புதிதன்று. எகிப்து நாட்டில் மெக்கெத்ரே என்னும் பெருமகனின் கல்லறையுள், ஏறக்குறைய 4,000 ஆண்டுகட்கு முன் வைக்கப்பட்ட மரப் படகுருவங்கள், துடுப்பும் ஆட்களும் கெடாதபடி 1920-ல் கண்டெடுக்கப்பட்டன. அவை இறந்தோர் மறுமையிற் பயணஞ்செய்தற்கென்று வைக்கப்பட்டவை. பிற்காலத்தில் ஐரோப்பாவின் கடற்கரை ஊர்களில், புயலினின்று பிழைத்த மாலுமிகள் தம் கப்பலின் உருவத்தைச் செய்து கோயில்களிற் காணிக்கையாகத் தொங்கவிட்டனர். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கடற்படை அலுவலகத்தார்க்கெனச் செய்யப்பட்ட படிமங்கள் 48-ல் ஒரு பங்கு அளவின. உள்ளே உள்ள வங்குகள் தோன்றும்படி அடிப்பக்கம் பலகையிடாமல் விடப்பட்டவை. நெப்போலியன் காலத்துப் போர்களிற் சிறைப்பட்ட பிரெஞ்சு மாலுமிகள், தமக்கு உணவாகக் கிடைத்த இறைச்சியின் எலும்பைச் சீவிக் கப்பல் செய்து விற்று, அப்பொருள்கொண்டு சிறையில் வாழ்ந்தனர். ஆகவே வழிபாடு, நன்றி, தொழில், வயிற்றுப்பாடு என்னும் நான்கும் இக்கலையை வளர்த்தன எனலாம்.

இக்காலத்திற் பெரும்பாலோர் கைக்கொள்வது வேறொரு வழி. வேண்டிய உறுப்புக்களையும் வரைபடங்களையும் ஒரு பெட்டியில் அடைத்து வணிகர் விற்கின்றனர். அதனை வாங்கி, படத்தைப் பார்த்துப் பொருத்துதலே அவ்வழி. இது சிறார் விளையாட்டெனச் சிலர் கருதுவர். பெட்டியைத் திறந்த அன்றே அக்கருத்து நீங்கிவிடும். சில நூறு மணி நேர உழைப்பை வேண்டும் பெட்டிகள் பல. ஆண்டுக்கணக்கில் முடிவுறாதனவும் உள.

அளவு

முதற்கண் அறியவேண்டுவது அளவு. 48-ல் ஒரு பங்கு என்றால், உண்மைக் கப்பலின் ஓரடி படிமத்திற் கால் அங்குலம் ஆகும். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்டு, பின் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கரால் வாங்கப்பட்டு, 1938-ல் அமெரிக்காவின் கிளஸ்டர் துறைமுகத்தை அடைந்த ‘அன்னபூரணி’ என்னும் கப்பல் ஏறக்குறைய 89 அடி நீளமுடையது என்பர். அதனை இவ்வளவிற் செய்தால் உடல் 22 அங்குலத்திற்குச் சிறிது மிகும். ஒரு சாதாரண மேசைமேல் அஃது அமைதியாக அமரும். அதே அளவில் ஒரு பெரிய போர்க்கப்பலைச் செய்யத் தொடங்கினால், வீட்டின் வாயில் வழியே அதனை வெளியே கொணர்வதே அரிதாகும். ஆதலின் 64-ல் ஒன்று, 96-ல் ஒன்று என்னும் அளவுகளும் வழக்கில் உள்ளன.

அளவு சிறிதாகச் சிறிதாக மரத்தின் தன்மையும் ஆராயத்தக்கதாகின்றது. கப்பல் கட்டுதற்குத் தேக்கினும் சிறந்த மரம் இல்லை என்பது உலகறிந்தது. ஆயினும் படிமத்திற்குத் தேக்கு பொருந்தாது. ஏனெனில் அதன் நுண்துளைகளும் வரிகளும் 48 மடங்கு பெருகித் தோன்றினாற்போலக் கண்ணை உறுத்தும். மரத்தைச் சிறிதாக்கலாம், அதன் வரியைச் சிறிதாக்க இயலாது. வானூர் வட்டத்துத் திருவக்கரையில், சுமார் இரண்டு கோடி ஆண்டுகட்கு முன் மண்ணுட் புதைந்து கல்லாய்ப்போன பெருமரங்கள் கிடக்கின்றன. கல்லாய் மாறிய பின்னும் அவற்றின் வரிகள் அழியாமல் இருத்தலைக் காண்போர், வரி என்பது மரத்தின் உயிர்க்கூறு என்பதனை எளிதில் உணர்வர். ஆகவே பெட்டிகளில் பாஸ்வுட், பேரி முதலிய நெருங்கிய வரியுடைய மரங்களே பெரிதும் வைக்கப்படுகின்றன. நம் நாட்டில் மஞ்சட்கடம்பும், சென்னபட்டணத்துப் பொம்மைகட்குப் பயன்படும் வெட்பாலையும் இவ்வேலைக்கு உகந்தவை.

ஏராவும் வங்கும்

கப்பலின் முதுகெலும்பு ஏரா. அதன்மேல் விலாவெலும்பு போல் நிற்பன வங்குகள். முன்முனை அணியம், பின்முனை அமரம். பெட்டியில் வரும் ஏரா மெல்லிய ஒட்டுப்பலகையில் வெட்டப்பட்டிருக்கும். அதிற் பிளவுகள் உண்டு. ஒவ்வொரு பிளவிலும் ஒரு குறுக்குப்பலகை பொருந்தும். இக்குறுக்குப்பலகைகளே படிமத்திற்கு வங்குகளின் வேலையைச் செய்கின்றன.

இங்கே பொறுமை வேண்டும். ஏரா கோணியிருத்தல் கூடாது. சமமான கண்ணாடிமேல் வைத்து, ஒளி புகும் இடைவெளி உண்டா என நோக்கல்வேண்டும். கோணல் இருப்பின் நீரில் நனைத்து, கனமான பொருளை ஏற்றி, நேராகும்வரை உலரவிடல்வேண்டும். ஏரா மயிரிழை கோணினும் பாய்மரம் விரற்கடை சாயும். அதனைப் பின்னர்த் திருத்த வழியில்லை. குறுக்குப்பலகைகள் ஏராவிற்குச் செங்கோணமாக நிற்கின்றனவா என்பதனையும், வச்சிரம் இடுமுன் ஒருமுறை வெறுமனே பொருத்திப் பார்த்தல் முறை.

பின்னர் உப்புத்தாள் கொண்டு குறுக்குப்பலகைகளின் விளிம்புகளைச் சாய்வாகத் தேய்த்தல்வேண்டும். அணியத்தருகே பலகை வளைந்து செல்லுமாதலின், விளிம்பு முழுதும் பலகையைத் தொடுதல் இன்றியமையாதது. மெல்லிய மரப்பட்டை ஒன்றை அணியம் முதல் அமரம் வரை வங்குகளின்மேல் வளைத்துப் பிடித்து, எங்கே பள்ளம், எங்கே மேடு எனக் கண்டு, மேட்டைத் தேய்த்தும் பள்ளத்திற் சிறு மரச்சீவலை ஒட்டியும் சமன்செய்வர். இவ்வேலையில் ஒரு வாரம் செலவிடுபவன், பின்வரும் வேலையில் ஒரு மாதத்தை மீட்பான்.

பலகையிடல்

பலகையிடலே இக்கலையின் நடுநாயகம். ஒரே அகலமுடைய பட்டைகளை மேலிருந்து கீழாக ஒட்டிக்கொண்டே சென்றால் போதும் என எண்ணுவோர் விரைவில் இடர்ப்படுவர். கப்பலின் வயிறு அகன்றது, முனைகள் ஒடுங்கியவை. நடுவிற் பத்துப் பலகை கொள்ளும் இடத்திற்கு ஒத்த முனை ஆறு பலகையே கொள்ளும். ஆகவே ஒவ்வொரு பலகையையும் முனைநோக்கிச் சிறிது சிறிதாக ஒடுக்கல்வேண்டும். நடுவங்கின் விளிம்பை நூலால் அளந்து, பலகைகளின் எண்ணால் வகுத்து, அவ்வாறே ஒவ்வொரு வங்கிலும் செய்து குறித்துக்கொள்வதே உரிய வழி. முனையிற் பலகையின் அகலம் பாதிக்குக் குறைதல் ஆகாது. குறையுமாயின் இரண்டு பலகைகளை நிறுத்தி, அவற்றின் முன் ஒரே பலகையைத் தொடரல்வேண்டும். உண்மைக் கப்பல் கட்டும் ஓடாவிமாரும் இவ்வாறே செய்வர்.

பலகையை வளைத்தற்கு நீரும் வெப்பமும் துணை. மெல்லிய பட்டையை வெந்நீரிற் சிறிது நேரம் ஊறவைத்து, சூடான இரும்பின்மேல் மெல்ல வளைத்து, வங்குகளின்மேல் ஒட்டாமற் கட்டி, முற்றும் உலர்ந்தபின் ஒட்டல்வேண்டும். ஈரத்தோடு ஒட்டிய பலகை உலருங்கால் சுருங்கி இடைவெளி காட்டும். துணி உலர்த்தும் கவ்விகள் இங்கே நல்ல பணியாட்கள்.

இன்னும் ஒரு விதி. வலப்புறத்தில் ஒரு பலகை இட்டால் இடப்புறத்திலும் ஒன்று இடல்வேண்டும். ஒரு பக்கத்தையே முடித்துவிட்டு மறுபக்கம் திரும்பினால், பலகைகளின் இழுப்பால் ஏரா வில்போல் வளையும். துலாக்கோலின் இரு தட்டுக்களையும் ஒருங்கே நிறைப்பது போன்றது இவ்விதி.

பல பெட்டிகளில் இருமுறை பலகையிடல் உண்டு. முதலுறை தடித்த எளிய மரம். அதனை உப்புத்தாளால் வழவழப்பாக்கியபின், ஒரு மில்லிமீட்டர் அல்லது அதனினும் மெல்லிய நல்ல மரத்தை மேலுறையாக ஒட்டுவர். முதலுறையின் குறைகள் மேலுறையின்கீழ் மறையும் என்பது பொதுவுரை. பெரிய மேடுபள்ளங்கள் மறையா.

மேல்தட்டிற்குப் பலகைகளை ஒவ்வொன்றாக ஒட்டுவர். உண்மைக் கப்பலிற் பலகைகளின் இடுக்குக்களில் நார் திணித்துக் கீல் வார்ப்பர். அதற்குக் கலப்பற்று என்று பெயர். படிமத்தில் பலகையின் ஓரத்திற் கரிய பென்சிலைத் தேய்த்தாற் போதும். கரிய கோடு நூலினும் மெல்லிதாய்த் தோன்றி, கலப்பற்றிட்ட தட்டுப் போலவே விளங்கும்.

பாய்மரமும் கயிறும்

பாய்மரம் மேலே செல்லச் செல்ல ஒடுங்குவது. உருண்டைக் கோலை வெறுமனே உப்புத்தாளிற் சுழற்றித் தேய்த்தால் ஒடுக்கம் ஒழுங்காய் அமையாது. சதுரக்கோலை முதலில் ஒடுக்கி, பின் நான்கு மூலைகளையும் சீவி எட்டுப்பட்டையாக்கி, அதனைப் பதினாறாக்கி, இறுதியில் உருட்டல்வேண்டும். ஓடாவிமார் பெரிய பாய்மரத்தைச் செதுக்கும் முறையும் இதுவே. பாயைத் தாங்கும் குறுக்குமரமாகிய பருமலும் இங்ஙனமே, ஆனால் இருமுனையும் ஒடுங்குமாறு, செய்யப்படும்.

கயிறுகள் இருவகை. பாய்மரத்தை நிலைநிறுத்தும் தாங்குகயிறுகள் ஒருவகை. அவை எப்போதும் நின்றபடியே இருப்பவையாதலின், மழைக்கும் வெயிலுக்கும் கெடாதபடி கீல் பூசப்பட்டுக் கருமையாயிருக்கும். பாயையும் பருமலையும் ஏற்றி இறக்கித் திருப்பும் இயக்குகயிறுகள் மற்றொரு வகை. அவை சணலின் இயற்கை நிறத்தன. படிமத்தில் இவ்விரு நிறங்களை மாற்றிவிட்டால், கடல் அறிந்தார் உடனே நகைப்பர்.

தாங்குகயிற்றின் அடியில் மூன்று துளையுள்ள வட்டக்கட்டை ஒன்று உண்டு. தேங்காயின் முக்கண்ணை நினைவூட்டுவது. கப்பலின் பக்கத்தில் அதற்கிணையான மற்றொன்று பிணிக்கப்பட்டிருக்கும். இரண்டிற்கும் இடையே மெல்லிய கயிற்றைக் கோத்து இழுத்தே பாய்மரத்தை இறுக்குவர். தாங்குகயிறுகளின் குறுக்கே, மாலுமிகள் ஏறுதற்கு ஏணிப்படி போலக் கயிறுகள் கட்டப்படும். படிகளுக்கிடையே ஓரடிக்குச் சிறிது மிகுந்த இடைவெளி உண்டு. 48-ல் ஒரு பங்கில் அது கால் அங்குலத்திற்குச் சற்றே மிகும். ஒவ்வொரு சந்தியிலும் நூலை இருமுறை சுற்றி முடியிடல்வேண்டும். பெரிய கப்பலில் இத்தகைய முடிகள் ஆயிரத்தினும் மிகும். இங்கேதான் பலர் கைவிடுகின்றனர். நாடோறும் ஐம்பது முடி என்று வரையறுத்துக்கொண்டவர் ஒரு திங்களில் முடித்துவிடுவர்.

நூலைத் தேன்மெழுகில் ஓட்டி எடுத்தல் நலம். அது நூலின் பிசிரை அடக்கும்; ஈரத்தையும் தடுக்கும். கயிறிடுங்கால் கீழிருந்து மேலாகவும், நடுவிலிருந்து வெளியாகவும் செல்லல்வேண்டும். இன்றேல் முன்னர்க் கட்டிய கயிறே பின்னர்க் கட்டுவதற்குத் தடையாகும்.

இக்கயிறுகளை அணி என்று மாத்திரம் எண்ணற்க. 1761-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலக் கப்பல்கள்மீது பெரும்புயல் வீசிற்று. சண்டர்லாந்து, டியூக் டக்கிட்டேன் என்னும் கப்பல்கள் நூற்றுக்கணக்கான மாலுமிகளோடு மூழ்கின. நியூகாசில், குயீன்பரோ, புரொடெக்டர் என்பன கரையில் ஏறிச் சிதைந்தன. வேறு சில பாய்மரங்களை இழந்து பிழைத்தன. வானூர்க் கரையினின்று நோக்கினால் தெரியும் கடல் அது. ஒரு தாங்குகயிற்றின் முடியில் எத்தனை உயிர்கள் தொங்கின என்பதனை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

உப்புக்காற்றும் பாதுகாப்பும்

நிற்க. நூல்களிற் கூறப்படும் முறைகள் பெரும்பாலும் குளிர்நாட்டார் எழுதியவை. நம் கரைக்குச் சில தனி எச்சரிக்கைகள் வேண்டும். உப்பு ஈரத்தை ஈர்க்கும் தன்மையது. மழைநாளிற் சமையலறை உப்பு நீர்விடுதலை யாவரும் அறிவோம். கடற்காற்றோடு வரும் உப்புத்துகள் மரத்தின்மீதும் உலோகத்தின்மீதும் படிந்து அவ்வாறே செய்யும். ஆதலின் இரும்பு ஊசிகளை உள்ளே விடலாகாது. அவை துருவேறிப் பலகையிற் கறைபடுத்தும். பித்தளை ஊசிகளும் நாளடைவிற் பசுமை பூக்கும். மூங்கிலைச் சீவிச் செய்த ஆணிகள் இரண்டினும் சிறந்தவை.

பெட்டி வந்தவுடன் வேலை தொடங்குதல் கூடாது. மரம் சில வாரம் நம் காற்றோடு பழகட்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பலகையிட்டால், உப்பளங்களிற் பாத்திகள் வறளும் கோடையில் அப்பலகைகள் சுருங்கிப் பிளவுறும். ஆகவே பலகையிடலை உப்புவிளையும் வறண்ட மாதங்களிலும், கயிறிடலை மழைக்காலத்திலும் வைத்துக்கொள்ளல் தக்கது.

முடிந்த படிமத்தைக் கண்ணாடிப்பேழையுள் வைத்தல்வேண்டும், நேர்வெயில் படலாகாது. பேழையை முற்றும் அடைத்துவிடுதலும் தவறு. சில மரங்களினின்று, சிறப்பாக ஓக் மரத்தினின்று, புளித்த ஆவி வெளிப்படும். அடைபட்ட பேழையுள் அவ்வாவி ஈயத்தாலான நங்கூரம், பீரங்கி முதலியவற்றை வெண்பொடியாக்கிவிடும். பெரிய அருங்காட்சியகங்களும் இவ்விடர்க்கு ஆளாகியுள்ளன. ஆகவே தூசி புகாத அளவிற் சிறு காற்றுவழி விடல்வேண்டும்.

படத்தின் அருமை

பெட்டியிலுள்ள உறுப்பு ஒன்று தொலைந்தால் வேறொன்று செதுக்கலாம். வரைபடம் தொலைந்தால் வேலை நின்றுவிடும். உண்மைக் கப்பல்கட்கும் இது பொருந்தும். திருகோணமலையின் பெயர்தாங்கிய ‘திரிங்கமலி’ என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் பம்பாயில் வாடியா குடும்பத்தாரால் தேக்குமரங்கொண்டு கட்டப்பட்டு 1817-ல் நீரில் இறக்கப்பட்டது. அதற்குரிய படங்கள் ‘ஜாவா’ என்னும் கப்பலில் அனுப்பப்பட்டன; அக்கப்பலோ 1812-ல் அமெரிக்கரோடு நிகழ்ந்த போரில் அழிந்தது. மீண்டும் படங்கள் வந்தபின்னரே கப்பல் எழுந்தது. அக்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நீரில் மிதக்கின்றது.

நம் கரையின் கலங்கட்கோ படமே இல்லை. நம்மவர் கைக்கணக்காலும் கண்கணக்காலும் கட்டினர். சோழமண்டலக் கரையில் அலை மறியும் இடத்தைக் கடத்தற்கென்று அமைந்த சலங்கு என்னும் மசூலாப் படகிற்கு வங்கு இல்லை, இரும்பாணியும் இல்லை. பலகைகள் தேங்காய்நார்க் கயிற்றால் தைக்கப்பட்டன. அலை மோதுங்கால் ஆணியடித்த படகு பிளக்கும். தைத்த படகோ வளைந்துகொடுத்துப் பிழைக்கும். புதுச்சேரிக்கு வந்த கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்தவை இவையே. பக்கிங்காம் கால்வாய் வழியாகச் சென்னைக்கும் மரக்காணத்திற்கும் இடையே சரக்கேற்றிச் சென்ற தட்டையடிப் படகுகளும் இன்று இல்லை. கட்டுமரமும், 2004-ஆம் ஆண்டுக் கடற்கோளுக்குப்பின் பெருகிய கண்ணாடியிழைப் படகுகளால், பெரிதும் அருகிவிட்டது.

இவற்றை அளந்து வரைந்தவர் யார்? பிரெஞ்சுக் கடற்படையினரான எட்மோன் பாரி என்பவர். 1806-ல் பிறந்த அவர், 1830 முதல் 1832 வரை உலகைச் சுற்றிய ‘ஃபவோரித்’ என்னும் கப்பலில் வந்து, இக்கரையின் கலங்களையும் கண்டு அளந்தார். பல நாட்டுப் படகுகளின் வரைபடங்களைப் பெருநூலாக 1840-களில் வெளியிட்டார். பின்னர், 1871 முதல் 1893-ல் இறக்கும்வரை, பாரிசில் லூவர் மாளிகையிலிருந்த கடற்படை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்து, அப்படங்களைக்கொண்டு மரப் படிமங்களைச் செய்வித்தார். சென்னை மாகாண மீன்துறைத் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-ல் இந்தியப் படகுகளைப்பற்றி ஆராய்ந்து எழுதினார். இவ்விருவரும் அயல்நாட்டினர். இவர்கள் பணி போற்றற்குரியது. ஆயினும், நம் பாட்டன்மார் ஏறிய படகின் உருவைக் காணவேண்டின் நாம் கடல் கடந்து செல்லவேண்டியிருத்தல் நமக்குப் பெருமையாகுமோ?

படமின்றிப்போன கலத்தையும் மீட்கலாம் என்பதற்குச் சான்று அண்மையில் கிடைத்தது. அசந்தாவின் 5-ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றையே ஆதாரமாகக்கொண்டு, பாபு சங்கரன் என்னும் கேரளத் தச்சர் தலைமையில் தைத்துக் கட்டப்பட்ட பாய்க்கப்பல், ‘கௌண்டின்யா’ என்னும் பெயரோடு 2025-ல் இந்தியக் கடற்படையிற் சேர்ந்தது. அது கடலைத் தாங்குமா என்பதனை முன்னறிதற்குச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அதன் சிற்றுருவைக்கொண்டு சோதனை நிகழ்ந்தது. ஆகவே படிமம் பேழையின் அழகுப்பொருள் மாத்திரமன்று. கடலுக்குச் செல்லும் கப்பலின் முன்னோடியுமாகும்.

மாணாக்கர்க்கு ஒரு விண்ணப்பம்

மாணாக்கர்காள்! முதலிற் சிறிய பெட்டி ஒன்றை வாங்கி, ஒற்றைப் பாய்மரக் கலத்தைச் செய்து கை பழகுக. பழகியபின் அக்கையை நம் கரைக்குத் திருப்புக. மணலிற் கவிழ்ந்துகிடக்கும் பழங்கட்டுமரத்தையோ மரப்படகையோ உடையவரின் இசைவு பெற்று அளத்தல் அரியதன்று. அணியம் முதல் அமரம்வரை ஒரு நூலை இறுகக் கட்டி, முழத்திற்கு ஒரு குறியிட்டு, ஒவ்வொரு குறியிலும் நூலினின்று படகின் விளிம்பு எத்துணை அகலம், எத்துணை ஆழம் எனத் தூக்குநூலால் அளந்து எழுதினால், அவ்வெண்களே வரைபடமாகும். அதனைக்கொண்டு 12-ல் ஒரு பங்கிற் படிமம் செய்யலாம்.

அளவோடு பெயர்களையும் எழுதுக. ஒவ்வொரு கட்டைக்கும் கயிற்றிற்கும் மீனவர் வாயில் வழங்கும் பெயர் ஒன்றுண்டு. அவற்றுட் பல அகராதியில் ஏறாதவை. முதியோர் நினைவில் மாத்திரம் வாழ்பவை. அம்முதியோர் மறையின் பெயரும் மறையும். பெயர் மறையின் அப்பொருள் இருந்ததென்பதும் மறக்கப்படும். விற்பனைக்கு வரும் பெட்டிகளில் இங்கிலாந்து, பிரான்சு, அமெரிக்கா முதலிய நாடுகளின் கப்பல்கள் நிறைந்திருத்தற்குக் காரணம், அந்நாட்டார் தம் கலங்களை அளந்து வரைந்து வைத்தமையே. நாமும் அவ்வாறு செய்யின், ஒரு நாள் நம் சலங்கும் தோணியும் பெட்டியில் அடங்கி, வேற்றுநாட்டுச் சிறுவன் ஒருவனின் மேசைமேல் உருப்பெறுதல் கூடும். அளத்தற்கு வேண்டுவன ஒரு நூலும், ஒரு கோலும், ஒரு குறிப்பேடுமே. அவை நம் எல்லார் கையிலும் உள்ளன.